மஞ்சள் காமாலை என்று எழுதப்பட்ட நோய்

அனுப்புநர்:
மா. கோமதிநாயகம்,
மூன்றாம் ஆண்டு, இயந்திரப் பொறியியல்,
மாணவர் விடுதி, பூங்காவனத்தம்மாள் பொறியியல் கல்லூரி,
மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
தொண்டை மண்டலத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்,
சென்னை.

பொருள்: வருகைக் குறைவுக்காக என் பெயரில் தரப்பட்ட தவறான மருத்துவச் சான்றிதழை நீக்கி உண்மையானதை ஏற்கவும், என் தாயாரிடம் கல்லூரி கேட்கும் உறுதிமொழியைத் தடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு மஞ்சள் காமாலை இல்லை. எப்போதும் வந்ததில்லை. கல்லூரிப் பதிவில் மட்டும் எனக்கு அந்த நோய் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைக் கீழே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. கடந்த ஜூலையில் எனக்குத் தூக்கம் போனது. பிறகு பசி போனது. புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியில் நின்றுவிடுவேன். பட்டறை வகுப்பில் லேத் ஓடிக்கொண்டிருந்தபோது, கையை உள்ளே கொடுத்தால் என்ன என்று தோன்றியது. பயந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். அனுமதியின்றி இயந்திரத்தை நிறுத்தியதற்கு அபராதம் போட்டார்கள். ஏன் நிறுத்தினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

3. கல்லூரிக் கையேட்டில் ‘மாணவர் மனநல ஆலோசகர்’ என்று ஒரு பெயர் உண்டு. போய்ப் பார்த்தேன். அவர் வேதியியல் விரிவுரையாளர். தாம் ஆலோசகர் என்பது அவருக்கே தெரியாது. “ஆய்வுக்குழு வந்தப்போ என் பேரையும் சேத்து எழுதிக்கினாங்க போலப்பா. காலைல எழுந்து கொஞ்சம் நடந்து பாரேன்” என்றார். நல்ல மனிதர், அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. நடந்தும் பார்த்தேன்.

4. இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர் இசக்கி அண்ணனிடம் சொன்னேன். “ஏல, எங்க லைன்ல ஒரு மிஷின் மக்கர் பண்ணுனா நாலு பேரு ஸ்பேனரோட ஓடி வாரான். ஒனக்கு ஒருத்தன்கூடவா இல்ல?” என்று திட்டிவிட்டு, லீவு போட்டு என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். மனநலப் பிரிவு அங்கே வியாழக்கிழமை மட்டும்தான். மருத்துவர் இதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். தன்னைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்றார். ஓய்வு தேவை என்று சான்றிதழும் எழுதித் தந்தார்.

5. அந்தச் சான்றிதழை விடுதிக் காப்பாளர் திரு. வனமாமலை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “தம்பி, இத ஃபைல்ல வச்சா ஒன் பேரோடயே ஒட்டிக்கிடும். மஞ்சக்காமாலைன்னு வாங்கிட்டு வா. அது வந்துட்டுப் போற நோவு, எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான்” என்றார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். இந்தக் கல்லூரியில் தேர்வு பயம், காதல் தோல்வி, வீட்டு நினைப்பு எல்லாவற்றுக்கும் மஞ்சள் காமாலைதான். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் கிளினிக்கில் கையைப் பிடித்துக்கூடப் பார்க்காமல் எழுதித் தந்தார்கள். கல்லூரியும் அதை ஏற்று, சங்கரன்கோவிலில் இருக்கும் என் வீட்டுக்கு முறைப்படி கடிதம் அனுப்பியது.

6. ஐயா, இனி நடந்ததற்காகத்தான் இந்த மனு. நான் ஊர் போய்ச் சேர்வதற்கு முன்பே கடிதம் போய்விட்டது. என் தாயார் சந்திரம்மாள் அதை நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், கல்லூரி முத்திரை இருக்கிறதே. தினமும் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். உப்பும் எண்ணெயும் நிறுத்தினார். பையில் மாத்திரை இருப்பதைப் பார்த்ததும், “காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து ஆகவே ஆகாது, ஈரல் போயிரும்” என்று அத்தனையையும் சாக்கடையில் கொட்டினார். அப்போது வீட்டில் உறவினர்கள் நிறைய இருந்தார்கள். அது எந்த நோய்க்கான மாத்திரை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

7. மருந்து நின்ற இரண்டு வாரத்துக்குள் நான் எங்கே போய் நின்றேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. என் தங்கை கங்கா பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏண்ணே, பத்தியச் சோறு பிடிக்கலன்னா சொல்லேன். அம்மாக்குத் தெரியாம நான் உப்பு போட்டுத் தாரேன்” என்றாள். அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். அவள் வந்து கையைப் பிடித்ததால்தான் இந்த மனுவை எழுத நான் இருக்கிறேன்.

8. அன்றே வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா, “அப்ப இதுக்கு என்ன பத்தியம்?” என்று கேட்டார். மீண்டும் மாத்திரை வாங்கினோம். இப்போது தூங்குகிறேன். படிக்கவும் முடிகிறது.

9. கல்லூரிக்குத் திரும்பி, உண்மையான சான்றிதழைக் கொடுத்து, பொய்யானதைத் திருப்பிக் கேட்டேன். முதல்வர் அவர்கள் கூறியது: “காமாலைன்னா கண்ணை மூடிக்கினு கையெழுத்துப் போடுவேன். இதுக்கு இன்னான்னு போடறது? கேம்பஸுக்கு வர்ற கம்பெனிக்காரன் கேட்டா யார் பதில் சொல்றது?” சான்றிதழை மாற்றக் கேட்டால் பொய்ச் சான்று கொடுத்த குற்றத்துக்கு நடவடிக்கையாம். காமாலையே இருக்கட்டும் என்றால் தேர்வு எழுதலாமாம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. ‘என் மகனுக்கு மனநோய் ஏதும் இல்லை, அதற்கான மருந்து உட்கொள்ளவில்லை, விடுதியில் அத்தகைய மருந்து கண்டெடுக்கப்பட்டால் அவனை நீக்கச் சம்மதிக்கிறேன்’ என்று என் தாயார் எழுதித் தர வேண்டும்.

10. எனவே தங்களை வேண்டுவது:
(அ) அரசு மருத்துவரின் சான்றிதழை ஏற்று என்னைத் தேர்வெழுத அனுமதிக்க வேண்டும். தவறான சான்றுக்குத் தண்டனை உண்டென்றால் அபராதமாக விதியுங்கள், கட்டுகிறேன்.
(ஆ) மருத்துவமனைக்குச் செல்லும் வியாழக்கிழமைகளை வராத நாளாகக் கணக்கிடக் கூடாது. மருந்தை விடுதி அறையில் வைத்துக்கொள்ள எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இது எனக்கு மட்டும் அல்ல, கேட்கும் எவருக்கும்.
(இ) மேற்படி உறுதிமொழியை வாங்கக் கூடாது என்று கல்லூரிக்கு உடனே உத்தரவிட வேண்டும்.

11. மூன்றாவதுதான் அவசரம். என் தாயார் வரும் 20ஆம் தேதி திங்கட்கிழமை காலை கையெழுத்திட வருகிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன், தெரிந்துதான் வருகிறார். “நீ படிப்ப முடி ராசா. மாத்திரைய மாசாமாசம் முறுக்கு டப்பாக்குள்ள வச்சு அனுப்புதேன்” என்கிறார். நான் சொல்லி அவர் கேட்கமாட்டார். தங்கள் உத்தரவு இருந்தால் கேட்பார். திங்கட்கிழமைக்கு முன் அனுப்பி உதவுமாறு பணிந்து வேண்டுகிறேன்.

இடம்: மண்ணூர்
நாள்: 13.10.2003

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) மா. கோமதிநாயகம்

இணைப்பு: அரசு மருத்துவரின் சான்றிதழ், உறுதிமொழிப் படிவம் – நகல்கள்.