பிஸ்கட் டின்னில் விழுந்த படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கோமு எழுதுவது. லண்டன் குளிர் பழகிவிட்டது. உன் மூட்டுவலி தேவலையா?

டிகிரிக்கு முந்தின இந்த ஃபவுண்டேஷன் வருடத்தில் ஓவியம், டிசைன், மீடியா எல்லாம் உண்டு. போன வாரம் பிஸ்கட் டின்னில் ஊசித்துளை போட்டுக் கேமரா செய்தோம். உள்ளே ஃபோட்டோ தாள் வைத்து, துளையை மட்டும் என் அறையில் திறந்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். ஏழு மணி நேரம். நடமாடுகிறவர்கள் இதில் விழமாட்டார்கள், அசையாமல் இருப்பவர்தான் விழுவார் என்றார் மேடம்.

கழுவிப் பார்த்தால் என் நாற்காலியில் ஒருவர். தோளில் துண்டு, முழங்காலைப் பிடித்த கை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அப்பா உட்காருவாரே, அதேபோல. முகம் மட்டும் விழவில்லை. வெளிச்சக் கோளாறாக இருக்கும், பயப்படாதே. போனில் தெளிவாகத் தெரியாதென்று படத்தையே இதோடு வைத்திருக்கிறேன்.

யாராவது இங்கே வந்தால் இட்லிப்பொடி கொடுத்துவிடு.

தபாலாபீஸ் மூடப்போகிறார்கள். இன்னொன்று. மூன்று வாரமாக எப்போது கூப்பிட்டாலும், “அப்பா தறியில நிக்காவ, பொறவு பேசுவாவ” என்கிறாய். உன் குரலுக்குப் பின்னால் தறிச்சத்தமே கேட்கவில்லையே அம்மா. ஞாயிற்றுக்கிழமை போனை அப்பாவிடம் கொடு. பேச வேண்டாம், ஒரு தடவை இருமினால்கூடப் போதும்.

உன் மகள்,
கோமு