பட்டறைக்குள் போய் நின்றேன்

அன்பும் மரியாதையும் நிறைந்த உங்களுக்கு,

இங்கு நாங்கள் நலம். இந்தத் தடவை அதைப் பேச்சுக்காக எழுதவில்லை.

சின்னவளுக்கு ஓயாத வயிற்று வலி என்று எழுதியிருந்தேன் அல்லவா? பூச்சி மருந்துக்கும் அடங்கவில்லை. நேற்றுப் படித்த பாடம் இன்று நினைவில் நிற்காது. மக்கு என்றே டீச்சர் முடிவு கட்டிவிட்டார். புதிதாக வந்த டாக்டரம்மாதான், "வீட்டுப் பக்கத்துல என்ன வேலைம்மா நடக்குது?" என்று கேட்டார். உங்கள் அண்ணன் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை, நம் கொல்லைச் சுவரை ஒட்டியிருப்பதைச் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதில் ஈயம். பிள்ளைகளின் மூளையில்தான் அது முதலில் கை வைக்குமாம்; பெரியவர்களுக்குக் கை நரம்பைத் தளர்த்திவிடுமாம்.

என்னை வாயில்லாப் பூச்சி என்பீர்களே, கேளுங்கள். மறுநாளே பட்டறைக்குள் போய் உங்கள் அண்ணன் எதிரில் நின்றேன். "இருபது வருஷமா உருக்குறேன், எனக்கென்ன கேடு வந்துச்சு?" என்று சத்தம் போட்டார். "டீ கிளாஸை ஒத்தைக் கையால தூக்குங்க மாமா, பார்க்கலாம்" என்றேன். வேலையாட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் தூக்கவில்லை. பின்னால் வந்து நின்ற உங்கள் அண்ணி, "சட்டைப் பட்டன்கூட நான்தானே போட்டுவிடுறேன்" என்றார், மெதுவாக.

அவரும் ரத்தம் பார்த்துக்கொண்டார். சின்னவளைப் போல மூன்று மடங்கு. அந்த வாரமே உலையை அணைத்துவிட்டார். நான் வாசல் வாசலாக ஏறி இறங்கி, தெருவில் பதினான்கு பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அதிகாரிகள் வந்து கொல்லை மண்ணை முழ ஆழம் வெட்டி லாரியில் கொண்டுபோனார்கள். கெட்டதெல்லாம் சீராகிவிடாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். ஆனால் நேற்று சின்னவள் கடைக்குப் போய், சொன்ன மூன்று சாமானையும் மறக்காமல் வாங்கி வந்தாள். தெருவையே கூப்பிட்டுச் சொல்லலாம் போலிருந்தது. சொல்லவும் செய்தேன்.

வெளியூர் வேலைக்குப் போகுமுன், போன வருடம் வரை அதே உலையில் நின்றவர் நீங்கள். வேலை முடிந்து ஈயத் தூசி படிந்த அந்தச் சட்டையோடுதான் அவளைத் தூக்குவீர்கள். அவளும் உங்கள் தோளை விட்டு இறங்க மாட்டாள். அதை யாரிடமும் நான் சொல்லவில்லை. அப்போது நமக்கு யாருக்குத்தான் தெரியும்? ஈயம் எலும்பில் வருடக்கணக்காகத் தங்குமாம். நீங்களும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள். எது வந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். ஊசி குத்தியபோது தான் அழவே இல்லை, அப்பாவும் அழக்கூடாது என்று எழுதச் சொல்கிறாள் உங்கள் மகள்.

உங்கள் உடம்பு நன்றாயிருக்க வேண்டும் என்ற ஒரே வேண்டுதலோடு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா