துண்டு போட்டு வைத்த நாற்காலி

பண்ணை வீடு,
பிப்ரவரி 2014, வியாழக்கிழமை.

அன்புள்ள லூமிர்,

இங்கே நானும் மாடுகளும் நலம். லிங்கன் நகரத்தில் நீங்களும் நெப்ராஸ்கா சட்டமன்றமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதை மனைவி ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். சபையில் நாள் முழுக்க விடாமல் பேசிப் பழகிய மனிதர் நீங்கள். போனில் என்னை முடிக்க விடமாட்டீர்கள்.

செவலைக் கிடாரி செவ்வாய்க்கிழமை கன்று போட்டது. முன்னங்கால் மடங்கிக்கொண்டதால் கயிறு கட்டித்தான் இழுத்தேன். தாயும் கன்றும் பிழைத்துவிட்டன.

நான் கைகூடக் கழுவவில்லை, தீவனக் கடை எல்டனும் இன்னும் இரண்டு பேரும் வந்து சமையலறையில் உட்கார்ந்துவிட்டார்கள். சட்டமன்ற உறுப்பினராக உங்கள் இரண்டாவது தவணை இந்த வருஷத்தோடு முடிகிறது, தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் கூடாது என்பதால் இனி நான்கு வருஷம் நீங்கள் நிற்கச் சட்டம் விடாது என்பதில் அவர்களுக்கு உங்களைவிடத் துக்கம். எல்டன் உடைத்தே சொன்னார்: "ரோசெல்லா, நாலு வருஷம் நீ போய் உட்காரு. ஒண்ணும் செய்ய வேணாம். சபையில ஓட்டெடுப்பு வந்தா லூமிர் சொல்ற பட்டனை அமுக்கு, போதும். அப்புறம் அவன் வந்துருவான்." பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்தத் துண்டு நான்.

"இது லூமிருக்குத் தெரியுமா?" என்றேன். எல்டன் காபியையே பார்த்துக்கொண்டு, "வேணாம்னு சொல்லலையே" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

ஏனென்றால் உங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. நிலத்தடி நீரை இறைக்கக் கட்டுப்பாடு கொண்டுவந்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையே மாட்டு ஏலக் கொட்டகைக் காபிக்கடையில் போய் நடுவில் உட்கார்ந்தீர்களே! "திட்டணும்னா வரிசையா வாங்கப்பா, மத்தியானத்துக்குள்ள முடிச்சுரலாம்" என்றீர்கள். ஊரே திட்டியது, கடைசியில் உங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்ததும் ஊர்தான். அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? உங்களுக்கு முன்னால் இருந்தவர் நாற்காலியோடு ஒட்டிக்கிடந்தார். இந்த இரண்டு தவணைச் சட்டம் அவரை எழுப்பிவிட்டதால்தான் நீங்கள் எங்களுக்குக் கிடைத்தீர்கள். அதனால் அதன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

வேட்புமனுவை நேற்று அனுப்பிவிட்டேன். ஆனால் துண்டாக அல்ல. ஊர் மருத்துவமனையில் பிரசவப் பிரிவை மூடியதிலிருந்து ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள் நான். போன மாதப் பனிப்புயலில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெண்ணுக்கு நானே பிரசவம் பார்த்தேன். அந்தப் பிரிவைத் திறக்க வைக்கத்தான் போகிறேன். சிற்றூர் மருத்துவமனைகளுக்கு அரசு உதவி கேட்ட மசோதாவை, வரி ஏறும் என்று எதிர்த்தவர் நீங்கள். உங்கள் பட்டனை அமுக்கினால் அது நடக்காது.

எல்டனிடம் இதைச் சொன்னதும், "அப்போ லூமிர் திரும்பி வந்தா?" என்றார். "என்னைத் தோக்கடிச்சுட்டு வரட்டும்" என்றேன். மனிதர் பிளம் வைத்த கொலாச்சி பன்னைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் எதையும் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை பார்த்து ஓட்டி வாருங்கள், சாலை வழுக்குகிறது. இருமல் மருந்தை மறக்காதீர்கள். இத்தனை வருஷமும் நான் உங்களுக்குத்தான் வாக்களித்தேன். யாருக்குப் போட்டாய் என்று நீங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை. மே மாதம் தேர்தலின் முதல் சுற்றில் வாக்குச்சாவடித் தடுப்புக்குள் நீங்கள் தனியாக நிற்பீர்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். எனக்குப் போடுங்கள், லூமிர்.

என்றும் உங்கள்,
ரோசெல்லா