பதினொரு குஞ்சும் ஒரு பூனையும்

தெற்கு டகோட்டா,
ஜூன் 19

மகளே,

பதினொன்று! இன்று காலை நம் சோளக்காட்டு ஓரப் புல்லிலிருந்து ஒரு ஃபெசன்ட் காட்டுக்கோழி பதினொரு குஞ்சுகளோடு வெளியே வந்தது. இப்படிப் பார்த்து ஆறு வருஷமாச்சு. சந்தோஷத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை.

முட்டை தின்னும் ரக்கூன்களுக்கு நான் பொறி வைப்பது பிடிக்காமல்தானே நீ வீட்டை விட்டுப் போனாய்? சரி, அதை விடு.

பொறியில் எப்போதும் மார்ஷ்மெல்லோ மிட்டாய்தான் வைப்பேன். ரக்கூன் அதற்கு ஓடி வரும், பூனை இனிப்பைத் தொடாது. போன வாரம் மிட்டாய் தீர்ந்துபோய், மத்தி மீனை வைத்துத் தொலைத்தேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால், கூண்டுக்குள் உன் பூனை பட்டன். வாயோரம் ஃபெசன்ட் இறகு!

பக்கத்துப் பண்ணைக்காரன் ஆர்வில் விழுந்து விழுந்து சிரித்தான். "பொறியில விழுந்ததை உயிரோட விடக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சட்டம் பேசுவியே, இப்ப துப்பாக்கியை எடேன்!"

"போடா, உன் வேலையைப் பாரு" என்றேன்.

குஞ்சுகள் பறக்கும்வரை பட்டனை வெளியே விட முடியாது. உன் அறையில்தான் அடைத்திருக்கிறேன். மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்ததை அதற்காகத்தான் திறந்தேன். படுக்கை விரிப்பையும் துவைத்துப் போட்டேன்.

பூனைக்குத்தான்.

உன் அப்பா