மைதானத்துக்கு முதுகு காட்டி நின்றவர்

அண்ணை,

போன கிழமை அண்ணி உங்கள் மஞ்சள் வேலை ஜக்கெற்றைக் கொண்டுவந்து தந்தார். இன்னும் தோய்க்கவில்லையாம். முகத்தில் வைத்தவுடன் மைதான வாசலில் பொரிக்கிற வெங்காயத்தின் மணம். கோலியர்ஸ் வுட் வீட்டு மாடிப்படியில் இருந்து அழுதேன், வெட்கமில்லாமல் சொல்லுகிறேன்.

உங்களுக்கு உதைபந்தாட்ட மைதானத்தில் சனத்தைக் கட்டுப்படுத்துகிற ஸ்டூவர்ட் வேலை கிடைத்தபோது எனக்குப் பொறாமை. "குடுத்து வைச்சனீங்கள், சும்மா மட்ச் பாக்கலாம்" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பு!

"அட விசரா, நாங்கள் சனத்தைப் பாத்துக்கொண்டெல்லோ நிக்கோணும். திரும்பினா வேலை போச்சு."

அந்த உயரமான சுவீடன்காரர் வந்ததும் அதே வருடம்தான். பின்கள வீரர். முதல் ஆட்டத்திலேயே பந்தைத் தன் அணியின் வலைக்குள் அடித்துவிட்டார். சனம் அவரைத் திட்டிய திட்டு முழுவதும் உங்கள் முகத்தில் வந்து விழுந்தது. "பாவமடா பெடியன், நாட்டை விட்டு வந்த முதல் மாசம்" என்று வீட்டுக்கு வந்தும் புலம்பினீர்கள். அன்றிலிருந்து அவர் உங்கள் ஆள்.

பத்து வருடமாக அவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஆடினார். "கோல் அடிக்கிறவன் சனத்தை எழுப்புவான், இவன் இருத்துவான்" என்பீர்கள். எதிரணி பந்தோடு ஓடி வர, கதிரைகளில் இருந்த அத்தனை பேரும் வாயைப் பிளந்து எழும்புவார்களாம். பிறகு ஒரே மூச்சாய் விட்டுவிட்டுத் திரும்பக் கதிரையில் இருப்பார்களாம். பந்து இப்போது அவர் காலில் என்று உங்களுக்குத் தெரிந்துவிடுமாம்.

நான் நம்பவில்லை. ஒருநாள் நீங்கள் வேலையால் வந்ததும் சோதித்தேன். "இரண்டாம் பாதியில மூண்டு தரம் மறிச்சவன். கடைசித்தரம் நிலத்தில விழுந்து மறிச்சவன்" என்றீர்கள். ரீவியில் திரும்பப் போட்டபோது அப்படியே நடந்தது, அண்ணை! எனக்குப் புல்லரித்துப் போயிற்று. அவரைப் பார்த்து வியப்பதா, உங்களைப் பார்த்து வியப்பதா என்று தெரியவில்லை.

அவர் சுவீடன் அணித் தலைவராகி மஞ்சள் சட்டையில் ஆடிய நாட்களில் நீங்களும் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ரீவி முன்னால் இருந்தீர்கள். "அவனும் மஞ்சள், நானும் மஞ்சள். வேலையும் ஒண்டுதான், வாறவனை மறிக்கிறது." அண்ணி தேத்தண்ணியோடு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் மைதானத்தில் அவரை ஒருதரம் கண்ணாரப் பார்க்கவேண்டும் என்பது உங்கள் ஆசை. "ஒரு செக்கன் திரும்பிப் பாருங்கோவன்" என்று எத்தனை தரம் கேட்டேன்!

"ஏலாதடா. அந்த ஒரு செக்கனிலதான் ஏதும் நடக்கும். அவன் எப்பவாவது கண்ணை எடுக்கிறானே?"

அவர் ஓய்வு பெறப் போகிறார் என்றதும் லீவு போட்டீர்கள். கடைசி ஆட்டத்துக்கு இரண்டு ரிக்கெற் எடுத்தேன். "வாறன், கட்டாயம் வாறன்" என்றீர்கள். மாசியில் உங்கள் இருதயம் நின்றுவிட்டது. எனக்கு உங்கள் மேல் கோபம்கூட வந்தது.

நேற்றுத் தனியாகத்தான் போனேன். பக்கத்துக் கதிரையில் உங்கள் ஜக்கெற்றை விரித்து வைத்தேன். ஆட்டம் முடியச் சற்று முன் அவரை வெளியே அழைத்தார்கள். மைதானமே எழும்பியது. அவர் கைதட்டிக்கொண்டு எங்கள் பக்கமாக மெல்ல நடந்து வந்தார். உங்களுக்காக ஒரு அசைவும் விடாமல் பார்க்கவேண்டும் என்றுதான் போயிருந்தேன். ஆனால் கீழே ஒரு பெண், மஞ்சள் ஜக்கெற், அவருக்கு முதுகு காட்டி ஆடாமல் அசையாமல் நின்றாள்.

நானும் திரும்பினேன்.

அடேயப்பா, எத்தனை முகங்கள்! கிழவர்கள், தலைப்பாகைக்காரர்கள், தகப்பனின் தோளில் இருந்த பிள்ளைகள். எல்லோரும் என் தலைக்கு மேலால் அவரையே பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். பத்து வருடமும் நீங்கள் பார்த்தது இதைத்தானா, அண்ணை? உங்கள் ஜக்கெற்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பிறகு சனம் ஒரே மூச்சாய் விட்டுவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தது. அவர் உள்ளே போய்விட்டார் என்று திரும்பாமலே எனக்குத் தெரிந்தது.