களைத்த காலோடு ஒரு ஸ்லோ சைக்கிள் ரேஸ்

குமணன்சாவடியில் மாத்திரை வாங்கப் போன இடத்தில், பக்கத்துப் பஞ்சர் கடையில் டியூபுக்குச் சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். நீ போன பிறகு உன்னை நினைத்து அழுததுதான் அதிகம். இன்று சிரிப்பு வந்தது.

எண்பதுகளின் கடைசி. பாடியில் ஒரே பட்டறையில் நமக்கு வேலை, அம்பத்தூரில் ஒரே தெருவில் வீடு. தினமும் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் போய்வந்தவர்கள் நாம். ஆனாலும் தெருப் பொங்கல் விளையாட்டில் ஸ்லோ சைக்கிள் ரேஸின் பாதித் தூரத்தைக்கூடத் தாண்டவில்லை. கடைசியாக வருகிறவருக்குப் பரிசு, கால் தரையில் பட்டால் அவுட். ஆண்களின் போட்டிகளைக் காலையிலிருந்து டீ குடித்துக் குடித்து நடத்தினார்கள். பெண்கள் நம்முடையதை மட்டும் பரிசு கொடுக்கும் விருந்தினர் வருவதற்குள் முடிக்கவேண்டுமாம். ஓட்டப்பந்தயம் முடிந்து மூச்சு வாங்கும்போதே சைக்கிளில் ஏற்றினார்கள். என் தொடை நடுங்கியது. ஹேண்டில் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீ என்மேல் விழுந்தாய், இன்னொருத்தி உன்மேல்.

மைதானமே சிரித்தது. விளையாட்டை நடத்திய தெரு மன்றத்தின் செயலாளர் மைக்கிலேயே சொன்னார்: "பொம்பளைங்களுக்கு பேலன்ஸ் வராதுப்பா. அடுத்த வருசம் கோலப்போட்டி மட்டும் வெச்சிக்கலாம்."

முழங்கையில் ரத்தத்தோடு நீ அவர் முன்னால் போய் நின்றாய். "அடுத்த வருசம் இன்னும் ஒரே வாட்டி வெய்யுங்க சார். இதே மாதிரி ஓடவுட்டு ஏத்துங்க. எவளாச்சும் வுழுந்தா, நாங்க கோலமே போட்டுகினு போறோம்."

"ஓட்டத்த தனியா வெய்யுங்கன்னு கேட்டிருக்கலாம்ல?" என்று வழியெல்லாம் உன்னைத் திட்டினேன்.

"கேட்டா குடுத்துடுவாங்களா?" என்றாய். "நாம ஞாயித்துக்கெழம நல்லா தூங்கி எழுந்து ஓட்டிப் பழகினோம். அதான் தப்பு. களைச்ச காலு வேற காலுடி. அதுங்கூடத்தான் பழகணும்."

அந்த வருஷம் முழுக்க ஏரிக்கரையில் என்னை ஓடவிட்டாய். நாக்குத் தள்ளும்வரை ஓடிவிட்டு, உட்காராமல் சைக்கிள். களைத்துவிட்டால் கண் தானாக முன்சக்கரத்தில் விழும், உடம்பும் அதன் பின்னாலேயே சாயும். தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொன்னாய். மூச்சிரைக்கும்போது தோள் ஏறி இறங்கி ஹேண்டிலை ஆட்டுகிறது என்பதை விழுந்து எழுந்துதான் கண்டுகொண்டோம். தெருப் பெண்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். "பைத்தியம் புடிச்சிகீது இவளுக்கு" என்றார் உன் வீட்டுக்காரர். அவருக்குச் சோறு போட்டுவிட்டு நீ வந்துவிட்டாய்.

அடுத்த பொங்கலிலும் அதே அவசரம், ஓடிமுடித்ததுமே சைக்கிளில் ஏறச் சொல்லி விசில். கால்கள் நடுங்கத்தான் செய்தன. நடுங்கும் காலை வைத்துக்கொண்டு ஓட்ட நமக்குத் தெரிந்திருந்தது. ஒருத்தியும் விழவில்லை. எல்லோரும் கோட்டைத் தாண்டிவிட்டோம். நீ மட்டும் நடு மைதானத்தில், நகர்கிறாயா இல்லையா என்றே தெரியாமல். விருந்தினர் மேடையேறிவிட்டார். செயலாளர் ஓடிவந்தார்.

"சீக்கிரம் வாம்மா, அவரு காத்துகினு கீறாரு."

நீ தலையைத் திருப்பவே இல்லை. "ஸ்லோ ரேஸ் சார் இது. இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நம் ரேஸை நிறுத்துகிற பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை.

உன் சாவுக்கு வந்தவர்கள், "பாவம், ஓடியோடி ஓஞ்சிட்டா" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ ஓய்ந்து நான் பார்த்ததில்லை. களைத்துப் பார்த்திருக்கிறேன், அது வேறு.

போன வாரம் மாங்காடு கோயிலைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது பஸ் படியில் கால் நடுங்கியது. "சீக்கிரம் ஏறும்மா" என்று கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். நான் கம்பியைப் பிடித்து முதல் படியிலேயே நின்றேன். கண்ணைத் தூரத்தில் வைத்து, மூச்சு அடங்கி, தோள் இறங்கிய பிறகுதான் அடுத்த படியில் கால் வைத்தேன். மொத்தப் பஸ்ஸும் காத்திருந்தது.