நூறு பேரில் ஒருத்தி

இன்று காலை அட்டன் சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் தொடை எலும்பை மூட்டோடு வெட்டிப் போட்டார். அதன் முனையில் குருத்தெலும்பு நனைந்த முத்துப்போல வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெண் தன் பிள்ளைக்குப் பிடிக்கும் என்று அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். உன்னை நினைக்காமல் அந்த வெள்ளையை என்னால் பார்க்க முடிவதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அக்கரப்பத்தனையில் நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நீ ஆயம்மாவாக இருந்தாய். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுப்போகும் குழந்தைகளை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பார்த்துக்கொள்வாய். நான் தோட்டப் பள்ளியில் ஆசிரியை. ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள் நாம். வலது தொடையின் மேற்பக்கம் வலிக்கிறது என்று நீ சொன்னபோது, பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி வந்த வலி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நீயும் தைலம் பூசிக்கொண்டு வேலைக்குப் போனாய். கல் மாதிரி ஒரு வீக்கம் கைக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் என்னிடம் வந்தாய்.

"புள்ள, இங்க தொட்டுப் பாரு. எலும்புதானா இது?"

கண்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் பிடித்தார்கள். சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று நீயும் உன் கணவரும் நானும் டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர். முக்கியமான எதையாவது சொல்லப் போகும்போது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்.

"உங்கட காது மடலைப் பிடிச்சுப் பாருங்கோ அம்மா," என்றார். நீ தோட்டுக்கு மேலே பிடித்துப் பார்த்தாய். "வளையுது, ஆனா விட்டா நிமிர்ந்து நிக்குது. அதுதான் குருத்தெலும்பு. உங்கட தொடை எலும்புக்குள்ள அது தன்ரபாட்டில வளருது. இது ஒரு வகைப் புற்றுநோய்."

உன் கணவர் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். "மருந்து குடுத்துக் கரைக்க முடியாதுங்களா ஐயா?"

"இதுக்கு மருந்தும் கதிர் பாய்ச்சிற கரண்டும் பெரிசா வேலை செய்யாது. வெட்டி எடுக்கிறதுதான் வழி. இடுப்பு மூட்டோட முழுக் காலையும் எடுக்க வேணும்."

பிறகு அவர் நோயின் தரத்தைச் சொன்னார். முதலாம் தரம் மெல்ல வளரும், மூன்றாம் தரம் கெதியாகப் பரவும், உன்னுடையது இரண்டாம் தரம் என்றார்.

"தேயிலையில தரம் பிரிக்கிற மாதிரிங்களா?" என்று நீ கேட்டாய். அவர் தலையாட்டினார். "அப்ப இதுலயும் நான் நடுத்தரந்தான்," என்றாய். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

அதன் பிறகு நீ கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன.

"வெட்டலைன்னா?"

"அது நிக்காது. வளரும். பிறகு நெஞ்சுக்குப் போகும்."

"வெட்டுனா?"

"மிச்சமில்லாம முழுக்க வந்திட்டா நிறையப் பேர் கனகாலம் இருக்கினம். சிலருக்குத் திரும்ப வரும். பத்து வருசம் கழிச்சு வந்த ஆக்களையும் கண்டிருக்கிறன்."

"நான் அதுல எந்தப் பக்கம் ஐயா?"

அவர் கண்ணாடியைத் தொட்டார், ஆனால் எடுக்கவில்லை. "நூறு பேரைப் பற்றிக் கேட்டா ஓரளவு சொல்லுவன். ஒராளைப் பற்றிச் சொல்ல ஏலாது. எனக்குத் தெரியாது அம்மா."

நான் உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். வெளியே வந்ததும் நீ சொன்னாய், "தெரியாதுன்னு சொல்ற டாக்டர இப்பத்தான் பாக்குறேன். இவர நம்பலாம் புள்ள."

திரும்பும் ரயிலில் உன் கணவர் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். ரயில் வட்டவளையில் நின்றபோது உன் பக்கம் திரும்பினார். "ஒத்தக் காலோட இந்த மலையில எப்படி இருப்ப?"

"பாப்பாவுக்கு அஞ்சு வயசு," என்றாய். "காலு இருக்குற அம்மா கொஞ்ச நாளைக்கு வேணுமா, காலு இல்லாத அம்மா கூடக் கொஞ்ச நாளைக்கு வேணுமான்னு அவகிட்ட கேட்டா என்ன சொல்லுவா?"

"கூடக் கொஞ்ச நாள் கெடைக்கும்னு நிச்சயமா?"

"நிச்சயமில்ல. அவரே தெரியாதுன்னுட்டாரே."

அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெட்டியில் அத்தனை பேருக்கு முன்னால் அவர் அப்படிச் செய்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

நிச்சயம் எதுவும் இல்லாமல் ஒரு காலைக் கொடுக்கச் சம்மதித்த உன்னை நான் இன்றுவரை வியக்கிறேன். எனக்குத் துணிவு என்றால் பயமில்லாதிருப்பது என்ற எண்ணம் இருந்தது. நீ பயந்தாய். சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும்போது உன் பற்கள் கிட்டிக்கொண்டன. அப்படியே போனாய்.

ஊன்றுகோல்களோடு மறுபடி மடுவத்துக்கு வந்த முதல் நாள், நானும் கூட வந்தேன். பிள்ளைகள் சுவரோரம் ஒட்டிக்கொண்டு பார்த்தன. ஒரு வாண்டு மட்டும் கிட்டே வந்து, "ஆயம்மா, காலு எங்க?" என்றது.

"ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்துட்டேன்."

"எப்ப எடுத்துட்டு வருவீங்க?"

"அது இனி வராது சாமி. நீ வா, மடியில உக்காரு."

அன்றிலிருந்து நீ தரையில் உட்கார்ந்தபடி பிள்ளைகளை வளர்த்தாய். தூக்க முடியாததால் அவை உன்னிடம் நடந்து வரப் பழகின.

வருடா வருடம் நெஞ்சுப் படம் எடுக்கக் கண்டிக்குப் போவோம். முடிவுக்குக் காத்திருக்கும்போது நான் டாக்டரின் புருவத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ சோற்றுப் பார்சலைப் பிரிப்பாய். "அவரு மூஞ்சியில என்ன எழுதியிருக்கு? சம்பல எடு."

ஒருமுறை அவர் உன்னிடம் உதவி கேட்டார். வார்டில் வட்டவளைப் பக்கத்துச் சிங்கள லொறி டிரைவர் ஒருவர் இருந்தார். அதே நோய், அதே இடம். வெட்டவே கூடாது என்று பிடிவாதம். நீ ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தாய். உனக்குத் தெரிந்த கடைத்தெருச் சிங்களத்தில் பேசினாய். அவர் உன்னைக் கோபமாகப் பார்த்து, இன்னும் எத்தனை வருடம் இருப்பாய் என்று கேட்டார்.

"தெரியாது மல்லி," என்றாய், தம்பியிடம் சொல்வதுபோல. "டாக்டருக்கும் தெரியாது. ஆனா என் மக பள்ளிக்கூடம் போறத நான் பாத்தேன். அது மட்டும் எனக்குத் தெரியும்."

அவர் நெடுநேரம் உன் மடித்துச் சொருகிய சேலையைப் பார்த்தார். பிறகு வலிக்குமா என்று கேட்டார். ரொம்ப வலிக்கும் என்று சொன்னாய். மறுநாள் அவர் சம்மதித்தார் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

உன் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிய பிறகு ஒரு படத்தில் நெஞ்சில் நிழல்கள் தெரிந்தன. டாக்டரின் தலை அதற்குள் முழுதும் நரைத்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நீயே முந்திக்கொண்டாய்.

"இப்பவும் தெரியாதுன்னுதான் சொல்லுவீங்க. ஆனா அன்னைக்குச் சொன்ன தெரியாது வேற, இது வேற. இல்லீங்களா?"

"ஓம்," என்றார்.

"சரிங்க ஐயா. அன்னைக்கும் நீங்க பொய் சொல்லல. இன்னைக்கும் சொல்லல."

அவர் எழுந்து வந்து, கதவுவரை உனக்காக ஊன்றுகோலை ஏந்திக்கொண்டு நடந்தார். அந்த அறையில் யார் யாரைத் தேற்றினார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மழைக்காலத்தில் நீ போனாய். லயத்து முற்றத்தில் நீ வளர்த்த பிள்ளைகள் வாலிபர்களாகவும் தாய்மாராகவும் நின்றார்கள். வட்டவளை டிரைவரும் இரண்டு பஸ் மாறி, ஊன்றுகோல்களோடு சேற்றில் ஏறி வந்திருந்தார். உன் காலடியில் நின்று இரண்டு கைகளையும் அவர் கூப்ப முயன்றபோது ஊன்றுகோல் சரிய, உன் கணவர் ஓடிப்போய் அவரைத் தாங்கிக்கொண்டார்.

போன வாரம் கீழ் லயத்திலிருந்து ஒருத்தி வந்தாள். மார்பில் கட்டி. துண்டு எடுத்து அனுப்பியிருக்கிறார்களாம். "நான் பொழைச்சுக்குவேனா டீச்சர்?" என்று என் கையைப் பிடித்தாள். ஆறுதலாக ஒரு பொய் சொல்வது எனக்கு எவ்வளவு எளிது. உன்னோடு அத்தனை வருடம் அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அது வாயில் வரவில்லை. தெரியாது என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

முடிவு செவ்வாய்க்கிழமை வருகிறதாம். காலை முதல் பஸ்ஸில் அவளோடு நானும் போகிறேன்.